இரவில் முட்டை எடுப்பது யார்?

மனிதன் இல்லாமல் போன பூமியில் எந்த விலங்கு எப்படி மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டு வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கற்பனைப் பரிணாமம் என்று அந்தத் துறையைச் சொல்லலாம். 1957-இல் கெரோல்ஃப் ஸ்டைனர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர், ஹரால்ட் ஷ்டும்ப்கே என்ற புனைபெயரில், மூக்கையே காலாக வைத்து நடக்கும் பாலூட்டிகளைப் பற்றி ஒரு முழு ஆய்வு நூலை எழுதினார். தீவு, உடற்கூறு, உணவு எல்லாம் கற்பனை. எழுதிய முறை மட்டும் அசல் விலங்கியல். 1981-இல் டூகல் டிக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 'ஆஃப்டர் மேன்' நூலில் ஐந்து கோடி ஆண்டுகள் தாண்டிப் போய், எலியின் வாரிசுகளை ஓநாய்போல வேட்டையாட விட்டார். அந்த வழியில் வந்தவர்களுக்குப் பிடித்தமான பிராணிகளில் ஒன்று, இரவில் கூடு கூடாகப் போய் முட்டை திருடியே வாழும் சிறு விலங்கு. பெரிய கண், மெலிந்து நீண்ட விரல், ஓசை எழாத பாதம், ஓட்டைத் துளைக்கும் ஒரு கூர்ப்பல், உடம்பெல்லாம் அடர்ந்த மென்மயிர்.

படத்தில் பார்த்தால் நம்பத் தோன்றும். ஆனால் இப்படியொரு பிராணி நிலைத்து வாழ முடியாது என்பதே என் முடிவு. அதற்குக் கண்ணோ விரலோ பல்லோ காரணமில்லை. மயிர்தான் காரணம். இதை விளக்க ஐந்து கோடி ஆண்டுகள் போக வேண்டியதில்லை, லிங்கராஜபுரத்து மொட்டைமாடி வரை ஏறினால் போதும்.

பெங்களூரின் வடகிழக்கில், ஹென்னூர் சாலையை ஒட்டிய பேட்டை லிங்கராஜபுரம். 1809-இல் ஆங்கிலேயர் தண்டு இறக்கிய பிறகு தமிழர்கள் வந்து நிறைந்த பகுதிகளின் விளிம்பில் இருக்கிறது. பக்கத்தில் குக் டவுன், பிரேசர் டவுன். அங்கே இன்னும் மிச்சமிருக்கும் பழைய பங்களாக்களின் காம்பவுண்டுகளில் மா, சப்போட்டா, பலா, தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. லிங்கராஜபுரத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குக் கால் வைத்தே போகலாம். கேபிள் கம்பிகள் சந்துக்கு மேலே பந்தல் போட்டிருக்கும். கீழே நடக்கிற நமக்கு அது நெரிசல், இரவில் மேலே நடக்கிற விலங்குக்கு அது ராஜபாட்டை.

மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். பழைய கட்டில் சட்டத்தில் வலை அடித்த கூண்டு, மேலே ஒரு தகரம், காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் இரண்டு செங்கல். அப்படியொரு மாடியில், அடை வைக்கச் சேர்த்து வைத்திருந்த முட்டைகள் இரவோடு இரவாகக் காணாமல் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டுத் தரையில் ஓட்டுச் சில்லுகள் நாலைந்து கிடந்தன. ஓரங்கள் ஒழுங்கில்லாமல் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு எச்சம். விரல் நீளம், கறுப்பு, குச்சியால் பிரித்தால் உள்ளே முழுக்க விதை. பளபளப்பான கறுப்பு சப்போட்டா விதை இரண்டு, மீதியெல்லாம் பப்பாளி. "மரநாய்தாம்பா, வேற யாரு வருவா இவ்ளோ உயரத்துக்கு?" என்றார் கோழிக்காரம்மா. தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

எச்சம் மரநாயுடையதுதான். அது அந்தச் சுவரில் வந்து உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் எச்சம் சொல்வது அது என்ன தின்றது என்பதை, அதாவது சப்போட்டாவையும் பப்பாளியையும். முட்டையைத் தின்றது யார் என்பதற்கு ஓட்டுச் சில்லு சாட்சியாகுமா? ஆகாது என்றுதான் கூடுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். செர்ஜ் லாரிவியேர் 1999-இல் இதையே தலைப்பாக வைத்து எழுதினார்: கூட்டில் மிஞ்சும் தடயத்தை வைத்துத் திருடனைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே விலங்கு ஒரு கூட்டில் ஓட்டை நொறுக்கும், இன்னொன்றில் முழுசாகத் தூக்கிப் போகும். இரண்டு வெவ்வேறு விலங்குகள் ஒரே மாதிரி ஓட்டை விட்டுப் போகும். முதலில் வந்தவன் மிச்சம் வைத்ததை இரண்டாவது ஆள் முடிக்கும். நாம் பார்ப்பது இரண்டாவது ஆளின் பல் தடத்தை.

ஆகவே சந்தேகப் பட்டியலை முதலிலிருந்து போட வேண்டும். பகலில் எடுப்பவர்கள் வெளிப்படை: காக்கை, செண்பகம், வால்காக்கை, கீரி, காலி மனை இருக்கிற இடத்தில் உடும்பு. சாரைப் பாம்பும் பகல்காரன்தான். இவற்றை நாம் நேரில் பார்ப்பதால் கதை எதுவும் கிளம்புவதில்லை. இரவுப் பட்டியலில் வீட்டெலி, பெருச்சாளி, பூனை, மரநாய், தரையோடு போகும் புனுகுப்பூனை, அந்தியில் கிளம்பும் நல்ல பாம்பு. இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற பழைய மரக்கூட்டங்களில் தேவாங்கும் உண்டு. மேலே சொன்ன கற்பனைப் பிராணியின் படத்துக்கு இவற்றில் மிக நெருங்கியது தேவாங்குதான். பெரிய கண்ணும் நீண்ட விரலும் அப்படியே பொருந்தும். ஆனால் அதன் பிழைப்பு பூச்சி. முட்டை எப்போதாவது கிடைத்தால்தான். கிளைக்குக் கிளை இடைவெளி விழுந்தால் அதனால் தாண்ட முடியாது என்பதால் மரம் வெட்டிய பெங்களூரில் அது தீவு தீவாகச் சிக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். லிங்கராஜபுரத்துக் கம்பிகளில் தேவாங்கு நடமாட வாய்ப்பில்லை.

கோழிக்கு இரவில் வரும் ஆபத்து தமிழுக்குப் பழைய செய்தி. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டொன்றில், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு என்னும் காட்டுப்பூனையைக் கண்ட வீட்டுக்கோழி, தன் குஞ்சுகளைப் பதறிக் கூவி அழைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வேலியில் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

இனி மரநாய். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்த நகரத்தில் முட்டைப் பழியை அதிகம் சுமப்பது அதுதான். பூனையைவிடச் சற்று நீளமான உடம்பு, ஏறக்குறைய உடம்பளவு வால், சாம்பல் கலந்த கறுப்பு, முகத்தில் முகமூடி மாதிரி ஒரு பட்டை. எடை இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை. தனியாக அலையும். பகலில் மரப்பொந்திலோ, பொந்துள்ள மரம் இல்லாத ஊரில் பொய்க்கூரையின் மேலோ, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலோ சுருண்டு தூங்கும். நள்ளிரவில் கூரையில் யாரோ நடப்பதுபோல் கேட்டு எழுந்தவர்கள் பல பேருக்குக் கேட்டது இதன் காலடி. அத்தி, ஆல், பனம்பழம், கொய்யா, சப்போட்டா எல்லாம் தின்னும். கலயத்தில் இறங்கும் கள்ளையும் குடிக்கும். தின்ற பழத்தின் விதையை முழுசாக வேறிடத்தில் போட்டுவிட்டுப் போகும். கான்கிரீட்டுக்கு நடுவில் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் அத்திக் கன்றுகளில் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் பங்கு இருப்பதுபோல இதற்கும் உண்டு.

இதன் நெருங்கிய உறவான பழுப்பு மரநாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. திவ்யா முடப்பா களக்காடு–முண்டந்துறைக் காட்டில் அதன் எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது தெரிந்தது, அது ஐம்பதுக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழங்களைத் தின்று வாழ்கிறது என்பது. விலங்கியல் வகைப்பாட்டில் அது ஊனுண்ணி வரிசை. வயிற்றுப் பிழைப்பில் பழந்தின்னி. முட்டை, பூச்சி, எலி எல்லாம் தொட்டுக்கொள்ள. நம் ஊர் மரநாயும் இந்த வழிதான். கூண்டின் கதவு திறந்திருந்தால் முட்டையை எடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. முட்டைக்காக அது வருவதில்லை. சப்போட்டாவுக்காக வருகிற வழியில் முட்டை இருக்கிறது.

இந்த வேறுபாடு முக்கியம். மரநாயைக் கொல்வதும் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் குட்டியோடு கூரையில் இருக்கும் தாயை எலிப்பொறியாலும் விஷத்தாலும் ஒழிக்கப் பார்க்கிறார்கள், அல்லது கோணியில் கட்டி எங்கேயோ தொலைவில் விட்டுவிட்டு நல்லது செய்ததாக நினைக்கிறார்கள். ஊர் தெரியாத இடத்தில் விடப்பட்ட மரநாய் எங்கே பொந்து, எங்கே பழம் என்று தெரியாமல் தவிக்கும். குட்டிகள் கூரையிலேயே பட்டினி கிடந்து சாகும். ஒரு முட்டைக்கு இது அநியாயத் தண்டனை. அரை அங்குல வெல்டு மெஷ்ஷும் ஒரு தாழ்ப்பாளும் போதும். கோழிவலை எனப்படும் அறுகோண வலை போதாது. அதன் கண்ணுக்குள் எலி புகுந்துவிடும்.

எலி என்றதும் பட்டியலின் உண்மையான தலைவனுக்கு வந்துவிட்டோம். வீட்டெலி குழாயைப் பிடித்து மூன்று மாடி ஏறும், கம்பியில் ஓடும், முன்பற்களால் ஓட்டைக் கரண்டி ஓர் ஓரத்தில் வழி திறக்கும். உலகெங்கும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த தீவுகளில் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றே பல இனங்களை ஒடுக்கியது. இத்தனை இருந்தும் அது முட்டைத்தின்னி ஆகிவிடவில்லை. குப்பை, தானியம், சோப்பு, மெழுகுவர்த்தி என்று எதையும் தின்னும் விலங்காகவே உலகை வென்றது.

இங்கே ஒரு ஒழுங்கு தெரிகிறது. முட்டை எடுக்கும் பாலூட்டி எதைப் பார்த்தாலும் அதற்கு முட்டை பகுதிநேர வேலை. ஏன் ஒன்றுகூட முழுநேரமாக அதில் இறங்கவில்லை? முட்டை சத்தானது, ஓடாது, கடிக்காது. பறவைகளின் கூடுகள் அழிவதற்குப் பெரிய காரணமே திருட்டு என்று 1969-இல் ராபர்ட் ரிக்லெஃப்ஸ் பல இனங்களின் கணக்கைத் தொகுத்துக் காட்டினார். இவ்வளவு பெரிய தொழிலுக்கு ஒரு முழுநேர ஆள் இல்லாதது வியப்புத்தான்.

பருவம் முதல் காரணம். கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் தேன்சிட்டும் கோடையையும் மழையையும் ஒட்டிக் கூடு கட்டும். மற்ற மாதங்களில் கூடு காலி. அந்த மாதங்களைக் கடத்த வேறு சாப்பாடு வேண்டும். வேறு சாப்பாட்டுக்கான பல்லும் குடலும் இருக்கிற விலங்கு முட்டைக்கென்று தன் உடம்பை மாற்றிக்கொள்ளாது. இரண்டாவது காரணம் எரிபொருள். வெப்பக் குருதி விலங்கு சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்புச் சூட்டுக்கே நிறைய எரிக்க வேண்டும். மயிர் என்பது அந்தச் சூட்டைக் காக்கும் போர்வை; போர்வை இருக்கிற இடத்தில் அடுப்பும் எரிகிறது.

முழுநேர முட்டைத்தின்னியே உலகில் இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் இந்தியாவிலேயே. முட்டைவிழுங்கிப் பாம்பு. 1863-இல் ரைன்ஹார்ட் இதை விவரித்தார். மாதிரி கிடைத்தது இன்றைய வங்கதேசத்தின் ரங்பூரில். பிறகு மிக அரிதாகவே கண்ணில் பட்டது, அழிந்ததோ என்றுகூட நினைத்தார்கள். 2003-இல் மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் மீண்டும் கிடைத்தது. மெலிந்த உடம்பு, இரவு நடமாட்டம், மரமேறும் பழக்கம். வாயில் பல் பெயருக்குத்தான். முட்டையை முழுசாக விழுங்கும். தொண்டைக்குக் கீழே முதுகெலும்பிலிருந்து உள்நோக்கி நீண்ட முட்கள் இருக்கின்றன; உடம்பை முறுக்கும்போது அவை ஓட்டைக் கிழிக்கும். உள்ளே இருப்பது வயிற்றுக்குப் போகும், நசுங்கிய ஓடு வெளியே துப்பப்படும். இந்தப் பாம்பு புது முட்டையைத்தான் ஏற்கும். கரு வளர்ந்துவிட்ட முட்டையை விட்டுவிடும். ஆப்பிரிக்காவில் இதே தொழிலைச் செய்யும் வேறொரு பாம்புக் குலம் உண்டு, தன் தலையைப்போலப் பல மடங்கு அகலமான முட்டையை அது விழுங்கும். பறவைகளின் பருவத்தில் நிறையத் தின்றுவிட்டு மற்ற மாதங்களைப் பட்டினியாகவே கடத்தும். இரண்டும் தனித்தனியாக இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவை. முழுநேரப் பதவி காலியாகும்போதெல்லாம் அதில் உட்காருவது பாம்புதான்.

இதற்கு முந்தைய வழக்குகளையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் முட்டைத் திருடன் என்று நாம் கைகாட்டியவர்களில் பாதிப் பேர் நிரபராதிகள். 1923-இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் மங்கோலியாவின் கோபிப் பாலைக்குப் போன அமெரிக்க அருங்காட்சியகக் குழு, ஒரு முட்டைக் குவியலின் மேல் சிறிய டைனோசர் ஒன்றின் எலும்பைக் கண்டது. முட்டைகள் புரோட்டோசெராட்டாப்ஸ் என்ற வேறொரு டைனோசருடையவை என்று எண்ணி, ஹென்றி ஆஸ்போர்ன் 1924-இல் அந்த எலும்புக்கு ஓவிராப்டர், முட்டை பறிப்பவன், என்று பெயர் சூட்டினார். எழுபது ஆண்டுகள் கழித்து மார்க் நோரெல் குழுவினர் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கருவையே கண்டார்கள். அடுத்துக் கிடைத்த எலும்புக்கூடு முட்டைகளைச் சுற்றிக் கைகளை விரித்து அடைகாத்த நிலையிலேயே புதைந்திருந்தது. திருட வந்தவன் என்று பிடித்து வைத்திருந்தது ஒரு பெற்றோரை.

நம் நாட்டு வழக்கு இதைவிட நுட்பமானது. குஜராத்தில் தோலி துங்ரி என்ற இடத்தில் தனஞ்ஜய் மொஹபே 1980-களில் தோண்டி எடுத்த டைனோசர் கூட்டில், முட்டைகளோடு கிடந்த எலும்புகளில் ஒரு பகுதி பாம்பினுடையது என்பதை 2001-இல் ஜெஃப்ரி வில்சன் கண்டார். 2010-இல் அதற்கு சனஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். 3.5 மீட்டர் நீளப் பாம்பு, 6.7 கோடி ஆண்டுப் பழமை, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்ட நிலை. ஆனால் அதன் தாடை அந்தப் பெரிய முட்டையை விழுங்கும் அளவுக்கு விரியாது. அது காத்திருந்தது, பொரிந்து வெளியே வரும் அரை மீட்டர்க் குஞ்சுக்கு.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைப்பது லிங்கராஜபுரத்துத் தமிழ் வீடுகளிலும் உள்ள வழக்கம். காலையில் முட்டை இருக்காது. பக்தியோடு வைத்த கைக்கு அது நிறைவு. புற்றில் நல்ல பாம்பு இருந்தால் அது முட்டை தின்னக்கூடியதே. எலியும் காக்கையும் தெருநாயும் அதே புற்றைச் சுற்றித்தான் இருக்கின்றன.

பாம்பு கூடுகளைத் தேடி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு குவாம் தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல் சரக்கோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, இரவில் மரமேறி முட்டையையும் குஞ்சையும் கூட்டில் உறங்கும் தாயையும் எடுத்தது. பறவைகள் மறைந்ததற்கு நோயோ பூச்சிமருந்தோ காரணம் இல்லை, இந்தப் பாம்புதான் என்பதை ஜூலி சாவிட்ஜ் 1987-இல் நிறுவினார். தீவின் 12 காட்டுப் பறவை இனங்களில் 10 அங்கே இல்லாமல் போயின. நம் கேள்விக்கு முக்கியமான செய்தி, அந்தப் பாம்பு பூனைப்பாம்புக் குலம் என்பது. நம் முட்டைவிழுங்கியையும் அண்மைக்கால மரபணு ஆய்வு அதே குலத்தில்தான் கொண்டு சேர்த்திருக்கிறது. இன்னொரு பூனைப்பாம்பு, விரலளவு மெலிந்த உடம்பும் பூனைபோல் செங்குத்துக் கண்மணியும் கொண்டது, பெங்களூரிலேயே இருக்கிறது. இரவில் கிளம்பி ஓணான், பல்லி தின்கிறது.

இப்போது நகரத்துக்கு வருவோம். முட்டைக்குப் பருவம் உண்டு என்பது காட்டின் விதி. லிங்கராஜபுரத்தில் அந்த விதியை மீறுகிற பறவை ஒன்று ஒவ்வொரு ஏ.சி. பெட்டியின் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது: மாடப்புறா. மற்றச் சிறு பறவைகளுக்குக் குஞ்சு வளர்க்கப் புழு வேண்டும், புழுவுக்கு மழை வேண்டும். புறா தன் தொண்டைப்பையில் சுரக்கும் பாலையே குஞ்சுக்கு ஊட்டும். அதற்குத் தானியம் இருந்தால் போதும். தானியத்தை நாம் மூட்டை மூட்டையாக வாரி இறைக்கிறோம். அதனால் ஆண்டு முழுவதும் இரண்டிரண்டு வெள்ளை முட்டையாக இட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு ஈடு பொரிய 18 நாள். ஒரு ஈட்டை எடுத்துவிட்டால் சில நாளில் மறு ஈடு இடும். இரவு முழுவதும் பெட்டைதான் அடையில் இருக்கும், இருட்டில் எளிதில் எழுந்து பறக்காது. முட்டைத் திருடனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆகவே கற்பனைப் பிராணியை இங்கே குடியேற்றிக் கணக்குப் போடலாம். தோராயக் கணக்குத்தான், ஆனால் திசையைக் காட்டும். புறா முட்டை ஏறக்குறைய 17 கிராம். அதில் 20 கலோரி அளவுக்குச் சத்து இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் எடையுள்ள, எலி அளவு, மயிருள்ள ஒரு விலங்குக்கு வெளியில் ஓடியாடி வாழ ஒரு நாளைக்கு 50 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். இரவுக்கு மூன்று முட்டை. ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒரு புறா ஜோடி ஆண்டுக்கு ஆறு ஈடு, 12 முட்டை இடுவதாகக் கொண்டால், ஒரே ஒரு திருடனுக்குத் தீனி போட 90 ஜோடிகள் வேண்டும். அதற்கு ஒரு துணையும் குட்டிகளும் என்றால் ஒரு வார்டே வேண்டும். அந்தப் பெரிய கண் பிராணி, முட்டையை மட்டும் நம்பினால், தேடி அலைகிற அலைச்சலிலேயே மெலிந்துவிடும். பிழைக்க வேண்டுமானால் பழமும் குப்பையும் தின்ன வேண்டும். தின்றால் அது மீண்டும் மரநாயாகவோ எலியாகவோ ஆகிவிடுகிறது.

அதே 200 கிராம் எடையில் ஒரு பாம்பை வைத்துப் பாருங்கள். அதற்கு அடுப்பு எரிய வேண்டாம், வெயிலே போதும். தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, நாளைக்கு 5 கலோரி. நாலு நாளைக்கு ஒரு முட்டை, ஆண்டுக்கு 90 முட்டை. எட்டு ஜோடிப் புறா போதும். லிங்கராஜபுரத்தில் ஐந்து மாடி அபார்ட்மெண்ட் ஒன்றின் பின்பக்கக் குழாய்ச் சந்தில் அத்தனை ஜோடி இருக்கும். ஒரே கட்டடத்தை விட்டு இறங்காமல் வாழ்ந்து முடிக்கலாம். புறா வலை அடித்து ஒரு பக்கம் மூடினாலும், சில மாதம் பட்டினி கிடக்கத் தெரிந்த உடம்பு தாங்கும்.

நகரத்தில் பரிணாமம் நடக்க அவ்வளவு நேரம் இல்லையே என்று கேட்கலாம். மாற்றம் தொடங்குவதற்குக் கோடி ஆண்டுகள் தேவையில்லை. புவர்ட்டோ ரிக்கோவின் நகரப் பல்லிகளுக்குக் காட்டுப் பல்லிகளைவிடக் கால் நீண்டிருப்பதையும், வழவழப்பான சுவரில் ஒட்டுவதற்கு விரலடித் தகடுகள் கூடியிருப்பதையும் கிறிஸ்டின் விஞ்செல் 2016-இல் அளந்து காட்டினார். நெப்ராஸ்காவில் பாலங்களுக்கடியில் கூடு கட்டும் தகைவிலான்களின் இறக்கை, வாகனத்தில் அடிபட்டுச் சாகாமல் விலகும்படி முப்பது ஆண்டுகளில் குறுகியிருக்கிறது. முட்கள் முளைத்த முதுகெலும்பு அப்படிச் சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் பல்லியைத் தேடிக் குழாயில் ஏறும் ஒரு பூனைப்பாம்பு, வழியில் இருக்கும் சிட்டு முட்டையைத் தொட்டுப் பார்ப்பதும், வாய் கொஞ்சம் அதிகமாக விரிகிற ஒன்று புறா முட்டை வரை போவதும் இன்றைய உடம்போடே நடக்கக்கூடியவை.

இதற்கு எதிரான பெரிய தடை நாம்தான். பூனைப்பாம்பைச் சுருட்டை விரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறோம். நஞ்சு அதற்குக் கொஞ்சம் உண்டு, மனிதனுக்கு ஆபத்தில்லாத அளவு. புறாவை ஒருபக்கம் அரிசி போட்டு வளர்த்து, மறுபக்கம் அதன் எச்சத்தால் மூச்சுத் தொல்லை என்று வலை அடித்து, அந்தத் தொல்லையைச் சத்தமில்லாமல் குறைக்கக்கூடிய ஒரு வேட்டைக்காரனைக் கம்பால் அடிக்கிறோம். டிக்சன் தன் உலகத்தைக் கட்ட மனிதனை அப்புறப்படுத்தினார். லிங்கராஜபுரத்து முட்டைத் திருடன் மனிதன் இல்லாவிட்டால் பிறக்கவே மாட்டான். புறாவுக்குத் தானியம் போடவும் ஏ.சி. மாட்டவும் நாம் வேண்டும். மனிதனுக்குப் பிந்திய உலகை வரைகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: மனிதனோடு கூடிய உலகில்தான் அவர்களுடைய பிராணிக்கு ஆண்டு முழுவதும் சோறு இருக்கிறது.

இரவுப் பார்வைக் கேமரா இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. புறா அடையிருக்கும் ஒரு பெட்டியின் எதிரே ஒன்றை மாட்டி ஓராண்டு விட்டுவைத்தால், எலியும் பூனையும் மரநாயும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பது தெரிந்துவிடும். மரநாயின் பெயரில் எழுதப்பட்ட கணக்கில் பெரும்பங்கு எலியின் பக்கம் போகும் என்று எதிர்பார்க்கிறேன். கேமரா இல்லாதவர்கள் தரையைப் பார்க்கலாம். எலி தின்ற ஓட்டில் கரண்டிய விளிம்பு இருக்கும், மரநாயும் பூனையும் சில்லாக உடைக்கும், இவை ஒன்றுக்கொன்று குழம்பவும் கூடும். முட்டைவிழுங்கி துப்பியது அப்படிக் குழம்பாது. ஓடு சப்பையாக நசுங்கியிருக்கும், உட்சவ்வு பிடித்திருப்பதால் துண்டு துண்டாக உதிராது, உள்ளே மஞ்சள் கருவின் ஈரம்கூட இருக்காது. அப்படி ஒன்று ஏ.சி. பெட்டிக்குக் கீழே கிடந்தால், பெருக்கித் தள்ளுவதற்கு முன் தேதியோடு ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும்.